கடலுக்கு அடியில் மீன் கணக்கு!

காகிதம் தண்ணீரில் நனைந்தால் கிழிந்துவிடும். பேனா மை கரைந்துவிடும். ஆனால் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதினால், கடலுக்கு அடியிலும் எழுத்து அழியாது!

இப்படி ஒரு சிறு பலகையைக் கையில் கட்டிக்கொண்டு, உலகின் பல கடற்கரைகளில் ஆண்களும் பெண்களும் தண்ணீரில் இறங்குகிறார்கள். அவர்கள் கையில் வலை இல்லை. தூண்டில் இல்லை. அவர்கள் மீன் பிடிக்கப் போகவில்லை. மீனை எண்ணப் போகிறார்கள்!

முகத்தில் ஒரு கண்ணாடி. வாயில் வளைந்த ஒரு குழாய். குழாயின் மறுமுனை தண்ணீருக்கு மேலே நிற்கும். அதன் வழியாக மூச்சு விட்டபடி, குப்புற மிதந்துகொண்டே கடலின் அடியைப் பார்க்கலாம். காலில் வாத்தின் காலைப் போல அகன்ற ரப்பர் துடுப்பு. இவ்வளவுதான் கருவி. இன்னும் ஆழத்துக்குப் போகிறவர்கள் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொள்வார்கள்.

பார்ப்பதற்கு இது பொழுதுபோக்கு போலத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கை வைத்துச் சில நாடுகளில் சட்டமே போட்டிருக்கிறார்கள். அழிய இருந்த ஒரு மீன் கூட்டம் மீண்டும் பெருகியிருக்கிறது.

வக்கீல் தொடங்கிய வேலை

அமெரிக்காவில் பால் ஹ்யூமன் என்பவர் வக்கீல் தொழில் செய்துவந்தார். கடல் ஆசை பிடித்து, 1970-களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலை விட்டுவிட்டார். கரீபியன் கடலில் உள்ள கேமன் தீவுகளுக்குப் போய், நீச்சல்காரர்களை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலுக்குத் தலைவர் ஆனார்.

கப்பலில் வருகிறவர்கள் கரையேறியதும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "அங்கே ஒரு மீன் பார்த்தேனே, அதற்கு என்ன பெயர்?" ஹ்யூமன் வண்ணப் படங்கள் எடுத்து, பவளப்பாறை மீன்களை அடையாளம் காட்டும் புத்தகத்தை 1989-ல் வெளியிட்டார். மறு ஆண்டு, நெட் டிலோச் என்ற நண்பருடன் சேர்ந்து 'ரீஃப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். புளோரிடா மாநிலத்தில் கீ லார்கோ என்ற தீவில் அதன் தலைமை அலுவலகம் இருக்கிறது.

இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. அமெரிக்காவில் 1900-ம் ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் பொதுமக்களே பறவைகளை எண்ணி வருகிறார்கள். 'பறவையை எண்ணலாம் என்றால் மீனை ஏன் எண்ணக் கூடாது?' என்று கேட்டார்கள் இவர்கள். 1993-ல் மீன் கணக்கு தொடங்கியது. இதுவரை 2½ இலட்சத்துக்கும் மேற்பட்ட பட்டியல்கள் சேர்ந்துவிட்டன.

எப்படி எண்ணுவது?

ஓடிக்கொண்டே இருக்கும் மீனை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியுமா? முடியாது. அதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு மீனைக் கண்டால் 'ஒன்று'. 2 முதல் 10 வரை என்றால் 'சில'. 11 முதல் 100 வரை என்றால் 'பல'. 100-க்கு மேல் என்றால் 'ஏராளம்'. பலகையில் மீனின் பெயருக்கு எதிரே இந்த நான்கில் ஒன்றைக் குறித்தால் போதும். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை நிமிடம், தண்ணீர் எவ்வளவு தெளிவு என்பதையும் எழுதவேண்டும்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. நிச்சயமாகத் தெரிந்த மீனை மட்டுமே எழுதவேண்டும். 'அதுவாக இருக்கலாம்' என்று தோன்றினால் எழுதக் கூடாது!

முதல் நாள் இறங்குகிறவர் 5 மீன்களை எழுதினாலும் போதும். வெட்கப்பட வேண்டியதில்லை. பழகப் பழக, அதே பாறையில் 50 வகை, 100 வகை தெரிய ஆரம்பிக்கும். மீன் அதிகமாகவில்லை, கண்தான் பழகிவிட்டது.

நிறத்தை நம்பாதே!

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, நிறத்தைப் பார்த்து மீனைச் சொல்வது. தண்ணீர் நிறத்தை விழுங்கிவிடும். சில அடி ஆழம் போனாலே சிவப்பு மங்கத் தொடங்கும். இன்னும் கீழே அது பழுப்பாகவும் கறுப்பாகவும் தெரியும்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது உருவம். தட்டுப் போல வட்டமாக இருக்கிறதா? சுருட்டுப் போல நீண்டிருக்கிறதா? வால் வெட்டுப்பட்டதா, பிறைபோல வளைந்ததா? வாய் எங்கே இருக்கிறது? பிறகு, அது என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். பாறையைக் கொறிக்கிறதா, மணலைக் கிளறுகிறதா, பொந்தில் பதுங்குகிறதா? நிறமும் புள்ளியும் பட்டையும் கடைசியில்தான்.

கிளி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கிளியின் அலகைப் போன்ற பல்லால் பாறையைக் கொறிப்பதால் அதற்கு அந்தப் பெயர். கரீபியன் கடலில் உள்ள ஒரு கிளி மீன், இளமையில் சிவப்பும் பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்தபின் அதில் சில, பெண்ணாக இருந்து ஆணாக மாறிவிடும்! அப்போது உடல் பெரும்பாலும் பச்சையாகிவிடும். இப்படிப்பட்ட மீன்களில் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு வேறு பெயரும் வைத்து, இரண்டு சாதி என்று விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. வண்ணத்துப்பூச்சி மீன் வகையில் ஒன்றுக்கு வாலின் அருகே இருபுறமும் கறுப்பு வட்டம் உண்டு. பார்த்தால் கண் போலவே இருக்கும். கடிக்க வரும் பெரிய மீன் எது தலை, எது வால் என்று தெரியாமல் ஏமாந்துபோகும். மீனை எண்ண வருகிறவர்களுக்கு அந்தப் பொய்க் கண்தான் நல்ல அடையாளம்.

நம்பலாமா?

சாதாரண மக்கள் எழுதும் கணக்கை நம்பலாமா என்ற கேள்வி எழாமல் இல்லை. கேள்வி நியாயமானதே.

நீந்துகிறவர்கள் தெளிந்த தண்ணீரையே தேடிப் போவார்கள். கலங்கிய இடங்களின் கணக்கு குறையும். அழகான மீன் கண்ணில் படும். கல்லோடு கல்லாகக் கிடக்கும் சிறு மீன் தப்பிவிடும். இரவில் வெளியே வரும் மீனைப் பகலில் போகிறவர் பார்க்கமாட்டார்.

இதற்காகப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். எழுதிய பட்டியல்களையும் பரீட்சை மதிப்பெண்ணையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை தரம் தருகிறார்கள். புதியவர் கணக்கும் தேர்ந்தவர் கணக்கும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. ஒரு தனி ஆளின் கணக்கு பிசகலாம். ஒரே பாறையில் நூறு பேர், முப்பது ஆண்டு எழுதினால், மீன் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். நூறு பேரும் 'காணோம்' என்று விட்ட மீன், உண்மையிலேயே அருகிப்போன மீனாகத்தான் இருக்கும்!

அதற்காக, 'மக்கள் இலவசமாகச் செய்கிறார்களே' என்று அரசாங்கங்கள் விஞ்ஞானிகளின் சம்பளத்தைக் குறைக்கப் பார்த்தால் அது தப்பு. மக்கள் கணக்கு எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டும். ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்ல, படித்த நிபுணர் வேண்டும்.

பாம்பை எண்ணும் பாட்டிமார்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நியூ கலிடோனியா என்ற தீவு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் வசம் உள்ளது. அதன் தலைநகரில் 'எலுமிச்சை விரிகுடா' என்று பொருள்படும் பெயருடைய ஒரு கடற்கரை. அங்கே ஒரு கடல் பாம்பைப் பற்றி இரண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். விஷப் பாம்பு, ஐந்தடி நீளம் வளரும். 36 மாதம் பாடுபட்டு 45 பாம்புகளை அடையாளம் கண்டார்கள்.

2017-ல் ஏழு பெண்கள் உதவிக்கு வந்தார்கள். எல்லோரும் 60, 70 வயதைத் தாண்டியவர்கள், பாட்டிமார்! கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு காமிராவோடு நீந்தினார்கள். ஒவ்வொரு பாம்பின் வாலிலும் உள்ள பட்டை வெவ்வேறாக இருக்கும். அதைப் படம் எடுத்துக் கொடுத்தார்கள்.

முடிவு 2019-ல் வெளிவந்தது. அந்தச் சிறு விரிகுடாவில் 249 பாம்புகள் இருப்பது தெரிந்தது! குழந்தைகள் குளிக்கும் கடற்கரை அது. இத்தனை விஷப் பாம்புகள் பக்கத்திலேயே இருந்தும், யாரையும் அவை சீண்டவில்லை.

அழையாத விருந்தாளி

மீன் கணக்கு மிகவும் உதவியது, சிங்க மீன் விஷயத்தில்.

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மீன் அது. பிடரி மயிர் போல முள்ளை விரித்துக்கொண்டு நிற்கும். அதன் 18 முட்கள் விஷ முட்கள். இந்து மகாசமுத்திரமும் பசிபிக் மகாசமுத்திரமும்தான் அதன் சொந்த ஊர். அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தவர்கள், வளர்க்க முடியாமல் அட்லாண்டிக் கடலில் விட்டுவிட்டார்கள் என்று நம்பப்படுகிறது.

புளோரிடாவில் 1985-ல் முதன்முதலாக ஒன்று அகப்பட்டது. 2000-க்குப் பிறகு அமெரிக்கக் கிழக்குக் கரை, பஹாமாஸ், கரீபியன் தீவுகள் என்று பரவியது. அங்குள்ள சிறு மீன்களுக்கு இது பகை என்றே தெரியவில்லை, ஓடாமல் நின்றன. தின்று தீர்த்தது! பஹாமாசில் நடந்த ஒரு சோதனையில், சிங்க மீன் இருந்த பாறைத் திட்டுகளில் புதிதாக வந்து சேரும் குஞ்சுகள் ஐந்தே வாரத்தில் 79 சதவீதம் குறைந்துபோயின.

அது எந்த ஆண்டு எந்தத் தீவுக்கு வந்தது என்ற வரலாற்றைப் பெரும்பாலும் எழுதிக் கொடுத்தவர்கள் மீனவர்களும் நீச்சல்காரர்களுமே. பழைய பட்டியல்களில் அந்த மீன் இல்லை. திடீரென்று ஒரு நாள் 'ஒன்று' என்று வரும். அடுத்த ஆண்டு 'சில'. அதற்கடுத்து 'பல'.

இப்போது அதைப் பிடிப்பதற்குப் பந்தயமே நடத்துகிறார்கள். விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. முள்ளை நீக்கிவிட்டால் நல்ல சாப்பாட்டு மீன். ரீஃப் சங்கம் சிங்க மீன் சமையல் புத்தகம்கூட வெளியிட்டிருக்கிறது. ஆனால் பூண்டோடு ஒழிக்க முடியவில்லை. ஆழத்தில் உள்ளவை அகப்படுவதில்லை.

பௌர்ணமியில் கூடும் களவா

கேமன் தீவுகளின் கதைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

அங்கே 'நாசோ களவா' என்று ஒரு மீன். நம் ஊர்க் களவாவின் இனம். ஆண்டு முழுவதும் தனித்தனியாகப் பொந்துகளில் வாழும். குளிர்காலப் பௌர்ணமி வந்தால் போதும். எங்கெங்கோ இருந்து புறப்பட்டு, பாறையின் ஒரு குறிப்பிட்ட மூலையில் ஆயிரக்கணக்கில் கூடும். பௌர்ணமி கழிந்த சில நாட்களில், மாலை மயங்கும் நேரத்தில் முட்டையிடும். பிறகு கலைந்துபோய்விடும். ஆண்டுதோறும் அதே இடம், அதே நிலா.

இதுவே அதற்கு ஆபத்து! இடமும் நாளும் தெரிந்துவிட்டால், ஒரு சில படகுகளே மொத்தக் கூட்டத்தையும் அள்ளிவிடலாம். கரீபியன் கடலில் பல இடங்களில் அப்படித்தான் அந்த மீன் தீர்ந்துபோனது.

2001-ல் லிட்டில் கேமன் தீவின் மேற்கு முனையில் ஒரு பெரிய கூட்டத்தை மீனவர்கள் கண்டுபிடித்தார்கள். சுமார் 7,000 மீன். இரண்டே குளிர்காலத்தில் ஏறக்குறைய 4,000 மீன்கள் பிடிபட்டன. மீனவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கண் எதிரே கூடை கூடையாக மீன் கிடைக்கும்போது, 'இதுதான் கடைசிக் கூட்டம்' என்று யாருக்குத் தோன்றும்?

கேமன் அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறையும் ரீஃப் சங்கமும் சேர்ந்தன. பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் வந்தார்கள். தொண்டர்கள் காற்று உருளை கட்டிக்கொண்டு ஒவ்வொரு குளிர்காலமும் அந்த இடத்தில் இறங்கி எண்ணினார்கள். முட்டையிடும் இடங்களில் 8 ஆண்டுகளுக்கு மீன் பிடிக்கக் கூடாது என்று 2003-ல் தடை வந்தது.

ஆயிரக்கணக்கில் சுழலும் மீனை எப்படி எண்ணினார்கள்? அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. சில மீன்களுக்கு அடையாளச் சீட்டுக் குத்தி விட்டுவிடுவார்கள். 100 மீனுக்குச் சீட்டுப் போட்டதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் கண்ணில் பட்ட 200 மீன்களில் 10-க்குச் சீட்டு இருந்தால், இருபதில் ஒன்று சீட்டு மீன் என்று ஆகிறது. அப்படியானால் கூட்டம் மொத்தம் 2,000. பள்ளிக்கூடக் கணக்குத்தான்!

தடை போட்ட மறுநாளே மீன் பெருகிவிடவில்லை. களவா குஞ்சு வளர்ந்து முட்டையிடவே நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். 2009-ல் எண்ணியபோது சுமார் 1,200 மீன்தான் இருந்தது. 'தடையால் என்ன கண்டோம்?' என்று முணுமுணுப்பு எழுந்திருந்தால் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் 2011-ல் தடையை நீட்டித்தார்கள். 2018-ல் எண்ணியபோது 7,000-க்கும் மேல்!

இதற்கிடையில் 2016-ல் நிரந்தரச் சட்டமும் வந்துவிட்டது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நாசோ களவாவைப் பிடிக்கக் கூடாது. மற்ற மாதங்களில் ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு 5 மீன். அதுவும் 16 அங்குலத்துக்குக் குறையாமலும் 24 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். பெரிய மீன்தான் அதிக முட்டை இடும் என்பதால் அதற்கும் பாதுகாப்பு.

வருஷா வருஷம் எண்ணியிராவிட்டால், தடை பலித்ததா இல்லையா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கணக்கு இருந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. புளோரிடாவில் கோலியாத் களவா என்று ஒரு ராட்சத மீன் உண்டு. 360 கிலோ வரை வளரும். அருகிப்போனதால் 1990-ல் பிடிக்கத் தடை போட்டார்கள். மெல்லப் பெருகியது. 'எங்கள் தூண்டில் மீனைப் பறித்துத் தின்கிறது. தடையை எடு' என்றார்கள் தூண்டில்காரர்கள். 'இன்னும் போதாது' என்றார்கள் கடலில் இறங்கி அதைப் பார்க்கிறவர்கள். 2023 முதல், ஆண்டுக்கு 200 இளம் மீன்கள் வரை, குலுக்கல் சீட்டு முறையில் பிடிக்க அனுமதி வந்தது. வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கொதிக்கும் கடல்

பவளப்பாறை என்பது வெறும் கல் அல்ல. கோடிக்கணக்கான சிறு உயிர்கள் கட்டிய வீடு. அந்த உயிர்களுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து உணவு கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துவிடும். சூடு நீடித்தால் பட்டினியால் சாகும்.

2023 ஜூலையில் புளோரிடாவின் ஆழம் குறைந்த ஒரு விரிகுடாவில் தண்ணீரின் வெப்பம் 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியது. மனித உடம்பின் சூட்டைவிட அதிகம்! மறு ஆண்டு ஏப்ரலில், உலகம் தழுவிய நான்காவது பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

வீடு இடிந்தால் குடியிருப்பவர் கதி என்ன? பவளத்தையே கொறித்து வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் குறையும். பாசி தின்னும் மீன் சில காலம் கூடலாம். எது எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, வெளுப்புக்கு முந்தைய கணக்கு கையில் இருக்கவேண்டும். வெள்ளம் வந்த பிறகு, வீட்டில் என்னென்ன இருந்தது என்று பட்டியல் போட முடியுமா?

மன்னார் வளைகுடாவில்...

நம் பக்கத்தில் மன்னார் வளைகுடா இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள். அவற்றில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. 1986-ல் இது கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கும் பவளம் வெளுத்தது.

மீனைப் பற்றிய ஆராய்ச்சி இங்கே புதிதல்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு, 1971-ல் கொச்சிக்கு மாறும் வரை, மண்டபம்தான் தலைமை இடம். கரைக்கு வந்து இறங்கும் மீனின் கணக்கை அந்த நிலையம் பல ஆண்டுகளாக எடுத்து வருகிறது. தூத்துக்குடி விஞ்ஞானிகள் முங்கிப் போய்ப் பவளத்தைக் கணக்கெடுக்கிறார்கள்.

ஆனால் கரைக்கு வந்த மீன் வேறு; பாரில் நிற்கும் மீன் வேறு. விலை போகாத மீன் கரைக் கணக்கில் வராது. விரல் நீளமுள்ள நீல மீனையும், பொய்க் கண் மீனையும் யார் ஏலம் கேட்கப் போகிறார்கள்? பார் கெடும்போது முதலில் மறைவது அவைகளாகவே இருக்கலாம்.

மேல்நாட்டு வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பூங்காவுக்குள் நினைத்தபடி இறங்கக் கூடாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தேவையானதே. கூட்டம் கூட்டமாக இறங்கினால் துடுப்பு பட்டே பவளம் ஒடிந்துபோகும். நீச்சல் தெரியாதவர், துணை இல்லாதவர் இறங்குவது உயிருக்கும் ஆபத்து.

ஆனால் கடலைக் கையின் ரேகை போல அறிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். சங்கு குளிக்கிறவர்களும், மூச்சடக்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களும் மீனைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். களவா, ஓரா, விளமீன், நவரை, பாறை, கிளி மீன் என்று வாயில் பெயர் தயாராக இருக்கிறது. அவர்களில் சிலருக்குக் கூலியும் பலகையும் கொடுத்து எழுதச் சொன்னால், புளோரிடாக்காரர் பரீட்சை எழுதிப் பெற்ற தரத்தை இவர்கள் சில மாதத்திலேயே எட்டிவிடுவார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயரில் இரண்டு மூன்று மீன்களும் இருக்கும். 'களவா' என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே பல சாதி அடங்கிவிடும். ஆகையால் பலகையில் படம் இருக்கவேண்டும். படத்துக்கு அருகே, கீழக்கரையில் சொல்லும் பெயர், பாம்பனில் சொல்லும் பெயர், தூத்துக்குடியில் சொல்லும் பெயர், விஞ்ஞானிகள் வைத்த பெயர் எல்லாம் இருக்கவேண்டும்.

மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுப்பது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஆகவே மார்ச்சில் ஒரு கணக்கு, சூடு தணிந்தபின் ஒரு கணக்கு என்று ஆண்டுக்கு இரண்டு முறை அதே இடத்தில் எடுத்தாலே, எந்தத் தீவில் எந்த மீன் போயிற்று என்பது தெரிந்துவிடும்.